தலைவலி கிளெய்மைத் தள்ளுபடி செய்வது யார்?

ஆயுஷ் சிகிச்சையை மற்ற மருத்துவத்துக்கு இணையாக நடத்தச் சொன்ன காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 ஜனவரி 31 சுற்றறிக்கை, அந்த ஆண்டு ஏப்ரலிலேயே நடைமுறைக்கு வந்தது. அதை வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். ஆனால் தலைவலிக்காகச் சித்த மருத்துவர்களான நாம் உள்நோயாளியாகச் சேர்த்தவர்களின் கிளெய்ம்கள் திரும்பி வந்துகொண்டேதான் இருக்கின்றன.

அண்மையில் பார்த்த மறுப்புக் கடிதம் ஒன்று. நோயாளிக்குச் சகனவாதம், பிடரியில் தொடங்கி நெற்றிவரை ஏறும் வலி, கழுத்தைத் திருப்ப முடியவில்லை. தொக்கணம், பொட்டணம், நசியம், வர்மம் என ஏழு நாள் சிகிச்சை. மறுப்புக்குச் சொன்ன காரணம் விலக்கு 05, ஓய்வு சிகிச்சை. சிகிச்சை ஏதுமின்றிப் படுக்கையில் வைத்திருப்பதற்கான விலக்கு அது. அன்றாடம் நாடி பார்த்து, அழுத்தத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவெடுத்துக் கை வைத்தது சிகிச்சை இல்லையா? சேர்த்தால் ‘ஓபியிலேயே பார்த்திருக்கலாம்’ என்கிறார்கள். ஓபியில் பார்த்தால் 24 மணி நேரம் ஆகவில்லை என்கிறார்கள்.

நம் கேஸ்ஷீட்டுகளிலும் குறை உண்டு. ‘தொக்கணம் தொடர்க’ என்ற ஒற்றை வரி போதாது. கழுத்து எத்தனை பாகை திரும்பியது, வலி அளவு என்ன, ஏன் சேர்க்க நேர்ந்தது என்று நாள்தோறும் எழுத வேண்டும்.

எழுதினாலும் அதைப் படிக்கப் போவது யார்? பல ஆண்டுகளாக நாம் கேட்டுவரும் கேள்வி இது. நம் பார்வைக்கு வந்த மறுப்புகள் எதிலும் சித்த மருத்துவர் கையெழுத்து இல்லை. பிடரி வர்மத்தைக் கேள்விப்பட்டே இராத ஒருவர் அது தேவையில்லை என்று எழுதுகிறார். பாளையங்கோட்டையிலும் அரும்பாக்கத்திலும் மாநில அரசே சித்த மருத்துவக் கல்லூரி நடத்துகிறது. ஐந்தரை ஆண்டு படிக்க வைத்துப் பட்டம் தருகிறது. 2024 ஜனவரி 10 அன்று சித்த நோய்ப்பெயர்களுக்கு ஐசிடி-11 குறியீடு வந்ததை ஒன்றிய அரசு டெல்லியில் விழா எடுத்துக் கொண்டாடியது. பணம் கொடுக்கும் இடத்தில் மட்டும் அந்தப் பட்டத்துக்கு மதிப்பில்லை. மருத்துவம் பார்க்கத் தகுதியுள்ளவர்களுக்கு அந்த மருத்துவத்தை மதிப்பிடத் தகுதியில்லையா? இது அலட்சியம் மட்டுமல்ல, அவமதிப்பு.

மறுஆய்வுக் குழுவின் ஒப்புதலின்றி எந்த கிளெய்மையும் நிராகரிக்கக் கூடாது என்று ஆணையம் 2024 மே மாதம் உத்தரவிட்டது. ஆயுஷ் கிளெய்ம் என்றால் அந்தக் குழுவில் அந்தந்த மருத்துவமுறைப் பட்டதாரி இருந்தே ஆக வேண்டும் என்பதையும் ஆணையம் விதியாக்க வேண்டும்.

அதுவரை, மறுப்பு வந்த நோயாளியை அப்படியே அனுப்பிவிடாதீர்கள். முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிடச் சொல்லுங்கள். அங்கும் மறுத்தால் ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. சேர்க்கைக் காரணத்தை விளக்கும் கடிதத்தை உங்கள் பதிவு எண்ணோடு நீங்களே எழுதிக் கொடுங்கள்.