டீசலை ஆர் நிறுத்துவது?

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மின்திட்டம் என்றாலே எங்கட ஆக்கள் உடனே கதைப்பது சீனாவா இந்தியாவா என்றுதான். 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். இந்தியா முகம் சுளித்தது. அந்த வருடக் கடைசியில் மூன்றாந் தரப்பின் பாதுகாப்புக் கவலையைக் காரணம் சொல்லிச் சீனா நிறுத்திக்கொண்டது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் உடன்படிக்கை. 2024 மார்ச்சில் பெங்களூர் நிறுவனமொன்றுடன் ஒப்பந்தம், பணம் இந்திய நன்கொடை. இந்த மூன்று வருடமும் தீவுகளில் டீசல்தான் எரிந்தது. நாடே எண்ணெய்க்கு வரிசையில் நின்ற 2022 உட்பட. அதைப் பற்றி எத்தனை கட்டுரை வந்தது?

திட்டத்தின் கணக்கைப் பாருங்கள். சூரிய ஒளி 1700 கிலோவாட், காற்று 530, பற்றரி 2400 கிலோவாட் மணி. அவசரத்துக்கு நிற்கும் டீசல் மட்டும் 2500 கிலோவாட்!

இது ஏமாற்று என்று நான் சொல்லவரவில்லை. மழையும் மூட்டமுமாய்க் காற்றும் விழுந்துபோன இரவில் முழுத் தீவையும் டீசல் தனியே தாங்கத்தான் வேண்டும். சிக்கல் மத்தியானத்தில். ஜெனரேட்டரை அதன் சக்தியில் மூன்றிலொரு பங்குக்குக் கீழே தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் சரியாக எரியாது, புகைக்குழாயில் கசடு கட்டும். அதனால் அதற்கென்று ஒரு சுமையை ஒதுக்க, வெயிலில் கிடைக்கும் மின்சாரத்தை வெட்டிவிட வேண்டிவரும். அதை முழுசாய் நிறுத்த வேண்டுமென்றால் பற்றரியும் இன்வெர்ட்டரும் தனியே மின்னழுத்தத்தைப் பிடித்து நிற்க வேண்டும். 'நிப்பாட்டினால் கரண்ட் போயிடுமோ' என்று பயப்படாத ஒரு ஆளும் அங்கே வேண்டும். பயந்தவர் கையில் கொடுத்தால் காவலாளி வீட்டுக்காரன் ஆகிவிடுவான்.

அந்த ஆள் ஆர்? இன்வெர்ட்டர் பழுதானால் பெங்களூரிலிருந்து வருவாரா, கொழும்பிலிருந்தா? பத்துப் பன்னிரண்டு வருடத்தில் பற்றரி களைத்துப்போகும். நன்கொடை கட்டிக் கொடுக்கும், மாற்றியும் கொடுக்குமா? தீவுப் பிள்ளைகள் நாலு பேரைப் பழக்கி வேலைக்கு எடுங்கள் என்று கேட்க, அரசியல் பேசுகிற எங்களுக்கு வாய் வருவதில்லை. வல்லரசு என்று எழுதினால்தானே வாசிக்கிறார்கள்.

மாதாமாதம் எத்தனை லீற்றர் டீசல் எரிந்தது, எத்தனை மணிநேரம் ஜெனரேட்டர் ஓயாமல் ஓடியது என்று மூன்று இறங்குதுறையிலும் பலகையில் எழுதிப் போடட்டும். எந்த நாட்டின் கொடி அதில் இருந்தாலும் எனக்குச் சரி.