வாங்கும் முன் அளந்து பாருங்கள்!



கூடத்தில் தடையின்றி ஒலிக்கும் பாட்டு, அடுக்களைக்குப் போனதும் விட்டு விட்டுக் கேட்கிறதா? "வேகம் போதவில்லை, கட்டணம் கூடினாலும் பரவாயில்லை, பெரிய இணைப்பாக மாற்றுவோம்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக்கூடும். அவர்களைச் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள். அளந்து பாராமல் செய்யும் இச்செலவு பெரும்பாலும் வீண் என்பதே என் கருத்து.

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். குறுந்தகட்டில் ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டுகளில் பதிகிறார்கள். இடம், வலம் என இரண்டு தடங்களுக்கும் சேர்த்து வினாடிக்கு 14,11,200 பிட்டுகள்; அதாவது சுமார் 1.4 மெகாபிட். சுருக்கி அனுப்பப்படும் பாட்டுக்கு 320 கிலோபிட்டே தாராளம். 40 மெகாபிட் இணைப்பை 100 ஆக்குவதால் பாட்டுக்கு என்ன பயன்? தொட்டியில் நீர் நிறைய இருக்கிறது. அடுக்களைக் குழாய்க்குத்தான் வந்து சேரவில்லை!

ஏன் வரவில்லை? ரூட்டர் வெளியிடும் வைஃபை அலைகள் பொதுவாக 2.4 அல்லது 5 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்டவை. அவற்றின் அலைநீளம் முறையே 12.5, 6 சென்டிமீட்டர். வெட்டவெளியிலேயே தூரம் இருமடங்கானால் திறன் நான்கில் ஒரு பங்காகிவிடும். வீட்டிலோ சுவர்களும் உண்டு. அவற்றைக் கடக்கையில் 5 கிகாஹெர்ட்ஸ் அலையே கூடுதலாக வலுவிழக்கும். இரும்பு பீரோ அலையைத் திருப்பிவிடும். மீன்தொட்டி நீர் அதை உறிஞ்சும். நாமோ ரூட்டரைத் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறோம். விளக்கை மேசைக்கடியில் வைத்துவிட்டு அறை இருட்டு என்று குறை சொல்லலாமா?

இதோ ஒரு சோதனை. ரூட்டருக்கு அருகிலேயே நின்று பாட்டைக் கேளுங்கள். அங்கும் தடைப்பட்டால் குறை இணைப்பிலோ ரூட்டரிலோ இருக்கலாம். அங்கே சரியாக ஒலித்தால் குறை அலை பரவும் வழியில்தான். அப்போது வீட்டின் வரைபடம் ஒன்று வரைந்து, அலைவலிமையைக் காட்டும் செயலியைக் கைபேசியில் திறந்து, ஒவ்வோர் அறையிலும் தெரியும் எண்ணைக் குறியுங்கள். மைனஸ் 60 என்பதைவிட மைனஸ் 70 பத்தில் ஒரு பங்கு திறனே! பிறகு ரூட்டரை வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில் வைத்து மீண்டும் அளவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள்.

தொலைவிலுள்ள அறைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் ஏற்றது. ஆனால் மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ அதே அதிர்வெண்ணில் இயங்குகிறது. அடுப்பு ஓடும்போது மட்டும் பாட்டு தடைப்பட்டால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிப் பாருங்கள்.

இவ்வளவு செய்தும் எட்டாவிட்டால், கம்பி இழுத்து இரண்டாவது கருவி வைப்பதே சிறந்த வழி. கம்பியின்றி அலையை வாங்கி மறு ஒலிபரப்புச் செய்யும் ரிப்பீட்டரானால், அதைப் பாட்டு கேட்காத அறையில் வைக்காதீர்கள், நடுவழியில் வையுங்கள். தன் காதில் விழாததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்?

அளவிடுதல் ஆய்வுக்கூடத்தோடு முடிந்துவிடுவதன்று. மாதந்தோறும் போகும் கூடுதல் கட்டணம் உங்கள் பெற்றோரின் உழைப்பு. அதைக் காக்க உங்கள் எட்டாம் வகுப்புக் கணக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.