53 இடங்களுக்கு 90 பேர்

அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் அணிகள் பயிற்சி முகாமில் 90 வீரர்கள்வரை வைத்துக்கொள்ளலாம். சீசன் தொடங்குமுன் அது 53 ஆகிவிட வேண்டும். திறமையைக் காட்டப் பெரும்பாலும் மூன்றே முன்பருவ ஆட்டங்கள்.

2010 ஆகஸ்டில், புதிய வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் எந்த அணியும் எடுக்காத விக்டர் குரூஸ், ஜெட்ஸ் அணிக்கு எதிரான முன்பருவ ஆட்டத்தில் ஜயன்ட்ஸ் அணிக்காக மூன்று டச்டவுன் அடித்து அணிக்குள் நுழைந்தார். 2011 சீசனில் 1,536 யார்டுகள், கூடவே சூப்பர் பவுல் வெற்றி. ஆனால் இதை வைத்து எண்ணிக்கையை மட்டும் நம்புவது ஆபத்து. கடைசிக் கால்பகுதியில் எதிரே நிற்பவர்களில் பலர் சில நாட்களில் வெளியேறப்போகிறவர்கள்.

டெரல் டேவிஸின் கதை இன்னும் ஆழமானது. 1995 டிராஃப்ட்டில் 196ஆவது ஆளாக டென்வர் அணிக்கு வந்தவர். பந்தோடு ஓடுவதே அவர் வேலை. ஆனால் டோக்கியோவில் நடந்த முன்பருவ ஆட்டத்தில் பயிற்சியாளர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தது, கிக்காஃப் பந்தை ஏந்தி வந்த எதிரணி வீரரை அவர் மோதிச் சாய்த்தபோதுதான். 1998இல் அவர் 2,008 யார்டுகள் ஓடினார். 2017இல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார்.

ஐம்பதாவது இடத்துக்குப் போராடுபவரிடம் கிக்காஃப், பன்ட் போன்ற, பந்தை உதைத்து எதிரணிக்கு அனுப்பும் தருணங்களின் வேலைகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அவரை முதல் பாதியிலேயே, வலுவான எதிராளிகள் களத்தில் இருக்கும்போதே இறக்கிப் பார்ப்பதுதான் நியாயம்.