கிடைக்காதது எல்லாம் விலைபோகுமா?

பழைய காமிக்ஸ் விற்பவர்களுக்குப் பிடித்த சொல் ஒன்று உண்டு: ‘ரேர்’. பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலில் வார இறுதியில் கூடும் பழம்பொருள் சந்தையில் அதைக் கேட்கலாம். பினாங்கு சௌரஸ்தா சந்தையின் மாடியில் உள்ள பழைய புத்தகக் கடைகளிலும் கேட்கலாம். கைப்பேசியில் வரும் விற்பனை விளம்பரங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அட்டை கிழிந்திருக்கும், நடுப்பக்கம் காணாமல் போயிருக்கும், ஆனாலும் ‘ரேர் பீஸ்’ என்று போட்டு, பக்கத்தில் மூன்று இலக்கத்தில் ஒரு விலை இருக்கும்.

அண்மையில் ஒரு நேயர் நிகழ்ச்சிக்குப் புலனத்தில் குரல்பதிவு அனுப்பியிருந்தார். அப்பா தவறி ஒரு வருடம் ஆகிறதாம். வீட்டை ஒதுக்கும்போது கட்டிலுக்கடியில் ஒரு தகரப்பெட்டி. உள்ளே ராணி காமிக்ஸும் வேறு சில தமிழ்க் காமிக்ஸும், மொத்தம் இருநூறு. “ஒரு புத்தகம் 150 வெள்ளின்னு விளம்பரத்துல போட்டிருக்கான். எல்லாத்தையும் வித்தா 30 ஆயிரம்” என்கிறாராம் தம்பி. பெருக்கல் கணக்கில் பிழையில்லை. அம்மாவுக்குப் பெட்டி வீட்டை விட்டுப் போவதில் இஷ்டமில்லை. “இது உண்மையில எவ்வளவு போகும்?” என்பது கேள்வி. இரண்டு பாட்டுக்கு நடுவில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை என்பதால் இந்த வாரம் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றே ஒன்று இருந்தால்?

அரிது என்பது எத்தனை பிரதிகள் மிச்சம் இருக்கின்றன என்ற கணக்கு. விலை என்பது அதை எத்தனை பேர் தேடுகிறார்கள், எவ்வளவு கொடுக்கத் தயார் என்ற கணக்கு. முதல் எண் குறைந்துவிட்டதால் மட்டும் இரண்டாவது எண் ஏறிவிடாது. என் மூன்றாம் ஆண்டுக் கட்டுரை நோட்டு உலகத்திலேயே ஒன்றே ஒன்றுதான். ஏலத்துக்கு விட்டால் என் அம்மாகூட வாங்க மாட்டார்.

காமிக்ஸ் வெளியிட்ட நிறுவனம் மூடப்பட்டதும் இந்த இரண்டு கணக்கும் ஒரே நேரத்தில் மாறுகின்றன. புதிய பிரதிகள் இனி வராது, அதனால் இருப்பவை அரிதாகின்றன. ஆனால் புதிய கதையும் வராது, விளம்பரமும் வராது, புதிய வாசகர்களும் வரமாட்டார்கள். தேடுகிறவர்கள் பழைய வாசகர்கள் மட்டுமே. ‘கம்பெனி மூடியாச்சு, அதனால விலை ஏறும்’ என்று சொல்கிறவர்கள் முதல் பாதியை மட்டும்தான் சொல்கிறார்கள்.

இந்திரஜால் காமிக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். டைம்ஸ் ஆப் இந்தியா குழுமம் 1964 மார்ச்சில் தொடங்கியது, 1990-இல் நின்றது. ஆங்கிலத்தோடு இந்திய மொழிகள் பலவற்றிலும் வந்தது, தமிழிலும் வந்தது. ஒரே நிறுவனம், ஒரே மாதிரித் தாள். ஆனால் எல்லா இதழுக்கும் ஒரே மவுசு கிடையாது. முகமூடி வீரர் ஃபேண்டம், அதாவது ராணி காமிக்ஸ் படித்தவர்களுக்கு ‘மாயாவி’, வரும் ஆரம்ப கால இதழ்களுக்கு ஆள் உண்டு. லீ பால்க் 1936-இல் உருவாக்கிய அந்தப் பாத்திரத்துக்கு ஆஸ்திரேலியாவிலும் ஸ்வீடனிலும்கூட ரசிகர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் இந்தியப் பதிப்பையும் தேடுகிறார்கள். அதே இந்திரஜாலில் வந்த கெர்ரி டிரேக், பஸ் சாயர் கதைகளுக்கு அந்தக் கூட்டம் இல்லை. பிரதி குறைவாக இருந்தாலும் நிலைமை அதுதான்.

வேடிக்கை என்னவென்றால், இந்திரஜாலின் 123, 124 ஆகிய இரண்டு எண்கள் வேலைநிறுத்தம் காரணமாக வெளிவரவே இல்லை. வரிசையை முழுமையாக்க நினைத்து, அந்த இரண்டையும் தேடி அலைந்த பிறகே விஷயம் தெரிந்துகொண்டவர்கள் இருக்கலாம். அரிதின் உச்சம் அதுதான்: பிரதி பூஜ்யம்!

பதினேழு லட்சம் ‘அரிய’ புத்தகங்கள்

எதிர்ப்பக்கத்தையும் பார்ப்போம். அமெரிக்காவில் 1989-இல் தொடங்கப்பட்ட வேலியண்ட் நிறுவனம் ஆரம்பத்தில் சிறியது. அதன் முதல் இதழ்கள் குறைவாகவே அச்சாயின. அவற்றைத் தேடுகிறவர்கள் பெருகியதும் விலை ஏறியது. உடனே ஊரே வேலியண்ட் வாங்க ஓடியது. 1993-இல் ‘டுரோக்’ முதல் இதழ் பளபளக்கும் அட்டையோடு வந்தபோது ஏறத்தாழ 17 லட்சம் பிரதிகள் போயின. பலர் படிக்க வாங்கவில்லை. பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று பெட்டி பெட்டியாக வாங்கிப் பத்திரப்படுத்தினார்கள்.

அடுத்த ஆண்டே நிறுவனம் அக்லெய்ம் என்ற வீடியோ கேம் நிறுவனத்துக்கு 6.5 கோடி டாலருக்குக் கைமாறியது. 2004-இல் அக்லெய்ம் திவாலானது. இன்று அந்த டுரோக் முதல் இதழ் அமெரிக்கக் கடைகளின் ஒரு டாலர் பெட்டிகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. நிறுவனம் போய்விட்டது, புத்தகம் போகவில்லை. எல்லாரும் பத்திரப்படுத்திய பொருள் அரிதாகாது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இதே நிறுவனத்தின் ‘ஹார்பிஞ்சர்’ கதை இன்னும் சுவையானது. 1992-இல் வந்த முதல் ஆறு இதழ்களில் ஆளுக்கொரு கூப்பன் இருந்தது. ஆறையும் வெட்டி அனுப்பினால் பூஜ்யம் எண்ணிட்ட இதழ் வீட்டுக்கு வரும். நிறுவனம் சொன்னபடியே கத்தரிக்கோல் எடுத்த பிள்ளைகள் ஏராளம். இப்போது சேகரிப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “கூப்பன் இருக்கா?” வெட்டிய பிரதிக்கு விலை சரிகிறது.

குறைவாகவும் இருந்து, தேவையும் இருந்தால் என்ன நடக்கும்? வெஸ்டர்ன் பப்ளிஷிங் என்ற நிறுவனம் டிஸ்னி பாத்திரங்களின் காமிக்ஸைப் பல ஆண்டுகள் வெளியிட்டு 1984-இல் அந்தத் தொழிலையே விட்டது. 1980-இல் அது புத்தகங்களை பிளாஸ்டிக் பையில் சேர்த்துக் கட்டி, பொம்மைக் கடைகளில் விற்றுக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் வந்த சில இதழ்கள் மிகக் குறைவாகவே வெளியே போயின. அவற்றில் ஒன்று ‘அங்கிள் ஸ்க்ரூஜ்’ 179. அந்தப் பணக்கார வாத்துக்கு உலகம் முழுக்க சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். வரிசையில் 178 இருக்கிறது, 180 இருக்கிறது, நடுவில் ஒரு ஓட்டை. அதை அடைக்க நல்ல விலை கொடுக்கிறார்கள். அதே காலத்தில், அதே பையில் விற்கப்பட்ட வேறு தலைப்புகளும் கிடைப்பது கஷ்டம்தான். ஆனால் அந்த ஓட்டையை அடைக்கத் துடிப்பவர்கள் குறைவு என்பதால் விலையும் குறைவு.

நம் தகரப்பெட்டிக்கு வருவோம்

தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ் 1984-இல் ஜேம்ஸ் பாண்ட் கதையோடு தொடங்கி, 500 இதழ்கள் வந்து, 2005-இல் நின்றது. மலிவுத் தாள், கைக்கு அடக்கமான அளவு. ஒருவர் வாங்கி நான்கு வீடு சுற்றும். கடைசியில் பழைய பேப்பர் கட்டோடு போகும். இங்கே நம் ஊரில் ‘சூராட் காபார் லாமா’ என்று ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு வரும் லோரியில் போனவை எத்தனையோ! அதனால் நல்ல நிலையில் பிரதி கிடைப்பது கஷ்டம் என்பது உண்மை.

ஆனால் மூன்று விஷயங்களைத் தம்பியின் கணக்கு விட்டுவிட்டது.

முதலாவது, விளம்பரத்தில் இருக்கும் 150 வெள்ளி என்பது விற்பவரின் ஆசை. அந்த விலைக்கு யாராவது வாங்கினார்களா என்பதுதான் செய்தி. அமெரிக்கக் காமிக்ஸுக்கு 1970 முதல் ஓவர்ஸ்ட்ரீட் என்ற விலைக் கையேடு வருகிறது. 2000 முதல் புத்தகத்தின் நிலையைப் பார்த்து மதிப்பெண் போட்டு உறையிலிட்டுத் தரும் நிறுவனமும் இருக்கிறது. பழைய தமிழ்க் காமிக்ஸுக்கு எல்லாரும் ஏற்றுக்கொண்ட அப்படியொரு பட்டியல் கிடையாது. ஆறு மாதமாக அதே விளம்பரம் அதே விலையில் நின்றால், அந்த விலைக்கு ஆள் வரவில்லை என்றுதான் அர்த்தம்.

இரண்டாவது, வாங்குகிற கூட்டம் சிறியது. ஓர் இதழை ஐந்து பேர் தேடுகிறார்கள், சந்தையில் இரண்டுதான் இருக்கின்றன என்றால் விலை ஏறும். எங்கோ ஒரு கட்டிலுக்கடியிலிருந்து இன்னும் மூன்று பிரதிகள் வந்தால் அதோடு சரி. இருநூறு புத்தகத்தையும் ஒரே வாரத்தில் விற்பனைக்குப் போட்டால் அந்த இறக்கத்துக்கு நீங்களே காரணமாகிவிடுவீர்கள். முதல் பத்துப் புத்தகத்துக்குக் கிடைக்கும் விலை கடைசி நூற்றுக்குக் கிடைக்காது.

மூன்றாவது, தேடுகிறவர்களுக்கு வயதாகிறது. எண்பதுகளில் சிறுவர்களாக இருந்தவர்கள் இன்று கையில் காசு உள்ள நடுவயதுக்காரர்கள். சின்ன வயதில் தொலைத்ததை வாங்குகிறார்கள். அவர்கள் பிள்ளைகள் ஜப்பானிய மாங்கா படிக்கிறார்கள். இருபது வருடம் வைத்திருந்தால் விலை இரட்டிப்பாகும் என்று நம்பி வாங்குகிற இளைஞர்கள், அப்போது யார் வாங்குவார்கள் என்று ஒரு தடவை யோசித்துவிட்டு வாங்கலாம்.

மறுபதிப்பு இதற்கு ஒரு நல்ல பரீட்சை. சிவகாசியிலிருந்து 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸும் 1984-இல் வந்த லயன் காமிக்ஸும் இன்னும் வெளிவருகின்றன. ‘இரும்புக்கை மாயாவி’ போன்ற பழைய கதைகளையும் திரும்ப அச்சிட்டிருக்கிறார்கள். நல்ல தாளில் மறுபதிப்பு வந்ததும், கதை படிக்க மட்டும் தேடியவர்கள் வரிசையிலிருந்து விலகிவிடுவார்கள். பழைய தாளும் பழைய அட்டையும்தான் வேண்டும் என்பவர்கள் மட்டும் நிற்பார்கள். மூடிய நிறுவனத்தின் கதைகளுக்கு மறுபதிப்பு வந்தாலும் இதே பரீட்சைதான்.

இன்னொன்று. எல்லாரும் தேடுவது முதல் இதழை. ஆனால் முதல் இதழை ஆசையாக எடுத்து வைத்தவர்கள் நிறையப் பேர். ஒரு பத்திரிகை சாகும் காலத்தில் வரும் கடைசி இதழ்களோ குறைவாக அச்சாகும், குறைவாக விற்கும், எடுத்து வைப்பார் இருக்கமாட்டார். அதனால் உண்மையில் அரிதானவை பெரும்பாலும் அவைதான். விலை என்னவோ முதல் இதழுக்கே!

விற்கும் முன் செய்ய வேண்டியவை

பெட்டி உள்ளவர்கள் முதலில் ஒரு பட்டியல் போடுங்கள்: இதழ் எண், தலைப்பு, வருடம், பக்கங்கள் முழுசா, அட்டை இருக்கிறதா. பிறகு மூன்று சேகரிப்பாளர்களிடம் கேளுங்கள். “இது எவ்வளவு போகும்?” என்று கேட்காதீர்கள், “நீங்க வாங்கினா எவ்வளவு தருவீங்க?” என்று கேளுங்கள். பதில் சட்டென்று மாறும்.

கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். பழைய வாசகர்கள் பத்துப் பத்தாகச் சேர்த்துத் தைத்து, ஓரம் வெட்டி பைண்டு செய்திருப்பார்கள். அதைப் பிரிக்காதீர்கள், பிரித்தால் பைண்டும் போகும், புத்தகமும் போகும். நம் ஊர் ஈரக்காற்றில் பின் துருப்பிடித்துத் தாளைத் தின்னும், வெள்ளிமீன் பூச்சி மிச்சத்தைத் தின்னும். தனித்தனி பிளாஸ்டிக் உறையில் போட்டு, தரையில் படாமல், காற்றோட்டமுள்ள அலமாரியில் வையுங்கள்.

விலைபோகாத பிரதிகளை என்ன செய்வது? அங்கேதான் நான் நேயருக்குச் சொல்ல விரும்பிய முக்கியமான விஷயம் இருக்கிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் பல ஆண்டுகளாகப் பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும், பலர் குப்பை என்று நினைத்த துண்டறிக்கைகளையும்கூடச் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. இன்று சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக அது நிற்கிறது. உலகெங்கிலுமிருந்து ஆய்வாளர்கள் வருகிறார்கள். சந்தையில் விலை கேட்டுத்தான் சேர்ப்பேன் என்று அவர் இருந்திருந்தால் அதில் பாதி மிஞ்சியிருக்காது.

நம் பெட்டிகளிலும் அப்படி ஒன்று இருக்கிறது. அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஈப்போவிலோ கிள்ளானிலோ இருந்த ஏதோ ஒரு புத்தகக் கடையின் ரப்பர் முத்திரை இருக்கலாம். இந்திய விலையை அடித்துவிட்டு மேலே காசில் எழுதிய விலை இருக்கலாம். உள்பக்கத்தில் தோட்டத்தின் பெயரோடு வாங்கியவரின் கையெழுத்து இருக்கலாம். சேகரிப்பாளருக்கு இவை எல்லாம் குறை. விலையைக் குறைத்துக் கேட்பார். ஆனால் ஒரு தமிழ்ப் புத்தகம் கடல் தாண்டி எந்தக் கடைக்கு வந்தது, யார் என்ன விலை கொடுத்துப் படித்தார் என்பதை அந்தப் பிரதி மட்டும்தான் சொல்லும். அந்தக் கடை இன்று இல்லையென்றால் அதற்கு வேறு சாட்சியும் இல்லாமல் போகலாம்.

ஆகவே நேயருக்கு என் பதில் இதுதான். இருப்பதை எல்லாம் பட்டியல் போடுங்கள். இரண்டு பிரதி உள்ளவற்றையும், நல்ல விலைக்கு ஆள் நிற்பவற்றையும் தயங்காமல் விற்கலாம், அதில் தப்பில்லை. தம்பியின் 30 ஆயிரத்தை மறந்துவிடுங்கள். அதில் ஒரு சிறு பங்கு கிடைத்தாலும் நல்ல வியாபாரம். முத்திரையும் கையெழுத்தும் உள்ளவற்றை முதலில் படம் எடுத்துவிட்டுத் தனியாக எடுத்து வையுங்கள். எதை எடுத்து வைப்பது என்பதை அம்மா முடிவு செய்யட்டும்.