மிகைவேகக் கணிப்பொறியும் சித்தூர் வெயிலும்

சித்தூரில் பணியாற்றும் ஆசிரிய நண்பர் ஒருவர் சென்ற கோடையில் என்னிடம் ஒரு யோசனை கேட்டார். தமிழ்வழி வகுப்புகளுக்கான விஞ்ஞானப் பாடங்களை அவரே படம்பிடித்து, வீடியோவாகத் தொகுத்து மாணவர்களுக்கு அளித்து வருகிறார். கல்லூரியில் படிக்கும் அவருடைய மகனோ ஓய்வு நேரத்தைக் கணிப்பொறி விளையாட்டில் கழிப்பவன். இருவருக்கும் பொதுவாக ஒரு மேசைக் கணிப்பொறி வாங்க வேண்டும். திருப்பதியில் ஒரு கடைக்காரர், 'ஓவர்கிளாக்' செய்யத்தக்க பிராசஸரையே வாங்குமாறு வற்புறுத்தினாராம். பல மாதங்களாகச் சேமித்த பணத்தை அதில் செலவிடலாமா என்பதே நண்பரின் கேள்வி. வேண்டா என்பதே என் விடை. அதன் காரணங்களைப் பிற ஆசிரியர்களும் களப் பணியாளர்களும் அறிதல் நலம்.

பிராசஸரின் ஒவ்வொரு செயலும் ஒரு கடிகாரத் துடிப்பை ஒட்டியே நடைபெறுகிறது. உற்பத்தியாளர் வகுத்த அளவுக்கு மேல் இத்துடிப்பை விரைவுபடுத்துவதே ஓவர்கிளாக்கிங். அதனை 'மிகைவேகம்' என்று சொல்லலாம். இன்டெல் நிறுவனத்தின் பிராசஸர்களில் 'கே' என்னும் எழுத்துடன் முடிபவை இதற்கு இடந்தருவன. அவற்றுக்கு 'இசட்' வரிசை மதர்போர்டும் தேவை. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் பிராசஸர்களில் பெரும்பாலானவை இவ்வசதியுடனேயே வருகின்றன.

வேகம் இலவசமாகக் கிடைப்பதன்று. பிராசஸர் இயங்குங்கால் செலவாகும் மின்திறன் கடிகார வேகத்துக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் உயர்கிறது. வேகத்தைப் பத்து சதவிகிதம் கூட்டுவதற்கு மின்னழுத்தத்தையும் பத்து சதவிகிதம் கூட்ட வேண்டியிருப்பின், செலவாகும் திறன் ஏறத்தாழ 33 சதவிகிதம் மிகும். அத்தனையும் உஷ்ணமாகவே வெளிப்படும். இக்கணக்கை மேல்வகுப்பு மாணவரே கரும்பலகையில் போட்டுப் பார்க்கலாம்.

இங்கேதான் நம் ஊரின் நிலையைக் கருத வேண்டும். பிராசஸரின்மேல் பொருத்தப்படும் விசிறி குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. உஷ்ணத்தை அறைக் காற்றுக்கு மாற்றுவதே அதன் வேலை. அறை 25 டிகிரியில் இருக்கையில் 85 டிகிரியில் ஓடும் பிராசஸர், அதே பணியில் அறை 38 டிகிரியை எட்டும்போது ஏறத்தாழ 98 டிகிரிக்குச் செல்லும். இன்டெலின் 14ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறிப் பிராசஸர்கள் 100 டிகிரியை எட்டினால் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்வன. கத்திரி வெயிலில் திருப்பதியும் சித்தூரும் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதன்று. குளிர்சாதனம் இல்லாத அறையில், விலை கொடுத்து வாங்கிய மிகைவேகம் மே மாதத்தில் காணாமற்போகும்.

கூடுதல் விலைக்குக் கிட்டும் பயன்தான் எவ்வளவு? இன்டெலின் ஐ7-14700கே, ஐ7-14700 ஆகிய இரண்டிலும் 20 உட்கருக்கள் உள்ளன. முன்னதன் உச்ச வேகம் 5.6 கிகா ஹெர்ட்ஸ். பின்னதன் உச்ச வேகம் 5.4. வேறுபாடு நான்கு சதவிகிதத்துக்கும் குறைவே. அடிப்படை மின்திறனோ முறையே 125 வாட், 65 வாட். இக்காலப் பிராசஸர்கள் உஷ்ணமும் மின்சாரமும் இடங்கொடுக்கும் வரை தாமாகவே வேகத்தை உயர்த்திக்கொள்கின்றன. ஆகையால் மனிதன் கைவைத்துப் பெறக்கூடிய மிச்சம் சொற்பமே.

விளையாட்டுக்கேனும் மிகைவேகம் இன்றியமையாததோ எனில், அதுவும் அன்று. ஏ.எம்.டி. 2022இல் வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி, அதற்கு முந்திய 5800எக்ஸைவிடக் கடிகார வேகத்தில் குறைந்தது. வழக்கமான மிகைவேகத்துக்கும் பூட்டப்பட்டது. எனினும், 32 மெகாபைட்டாக இருந்த மூன்றாம் நிலைக் கேஷ் நினைவகம் அதில் 96 மெகாபைட்டாக உயர்த்தப்பட்டமையால், பல விளையாட்டுகளில் அதுவே முந்தியது. வேகம் என்பது துடிப்பின் எண்ணிக்கை மட்டுமன்று என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

2024ஆம் ஆண்டின் அனுபவமும் நினைவில் வைக்கத்தக்கது. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறைப் பிராசஸர்கள் பல நிலைகுலைந்து நின்றன. மிகுதியான மின்னழுத்தமே காரணம் என அந்நிறுவனம் கண்டு, திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தையும் இரண்டாண்டு நீட்டித்தது. இதில் 'கே' வகை மட்டுமன்றிப் பிறவும் அடங்கும். தொழிற்சாலை வகுத்த அளவே இவ்வாறு பிழைபடுமாயின், நாம் கையால் ஏற்றும் மின்னழுத்தத்தில் எத்துணை எச்சரிக்கை வேண்டும்!

மறுதரப்பிலும் நியாயம் உண்டு. பரிசோதனையில் ஆர்வமுள்ள மாணவனுக்கு மிகைவேகம் ஒரு நல்ல ஆய்வுக்கூடம். பூட்டில்லாத பிராசஸரை வேகங்குறைத்தும் ஓட்டலாம். ரைசனில் அதற்கென 'ஈக்கோ' முறையே உண்டு. ஆயினும் அது பாடம் தயாரிக்கும் பொறியில் நிகழ்த்தத்தக்க பரிசோதனை அன்று. நான்கு மணி நேரம் தொகுத்த பாடம், ஏற்றுமதியாகும் கடைசி நிமிடத்தில் அழிந்துபோனால் நட்டம் பிராசஸருக்கு அன்று, வகுப்புக்கே.

திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையே காதங்கியில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. 53 மெகா ஹெர்ட்ஸில் இயங்கும் அதன் பெரிய ராடார், மேலே வீசும் காற்றின் போக்கை 1990களிலிருந்து அளந்து வருகிறது. அத்தகைய பணியின் பெருமை ஒருநாள் வேகத்தில் இல்லை. ஆண்டுக்கணக்கில் நம்பத்தக்க அளவீடுகளைத் தருவதில்தான் இருக்கிறது. ஆசிரியரின் கணிப்பொறிக்கும் இதுவே இலக்கணம்.

ஆகையால் நண்பருக்கு நான் கூறியது இது: நடுத்தரமான, சாதாரண வகைப் பிராசஸர் போதும். இன்டெலாயின், 'எஃப்' என்று முடிவதைத் தவிர்க்கவும். வீடியோவை விரைந்து கையாளும் உள்ளமைந்த கிராபிக்ஸ் அதில் இராது. மிஞ்சும் பணத்தை 32 கிகாபைட் ரேம், விரைவான எஸ்.எஸ்.டி., மகனுக்கு வேண்டிய கிராபிக்ஸ் கார்டு, காற்றோட்டமுள்ள பெட்டி, யு.பி.எஸ். ஆகியவற்றில் செலவிடவும். மாதம் ஒருமுறை தூசி துடைக்கவும். வெயிலிலும் மின்வெட்டிலும் வேலையை முடித்துத் தரும் பொறியே நமக்கு வேகமான பொறி.