மே மாதக் கால்ஷீட்

சினிமா நட்சத்திரத்திடம்கூட கால்ஷீட் வாங்கிவிடலாம். மே மாதத்தில் சென்னையில் இருக்கும் என் பேரனிடம் வாங்க முடியாது! விடிந்தால் கிரிக்கெட் கோச்சிங், அப்புறம் சர்ச்சில் வி.பி.எஸ்., சாயங்காலம் ஷட்டில். பாளையங்கோட்டைக்கு நாலே நாள்தான். அதிலும் இரண்டு ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸுக்குப் போய்விடும்.

வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளியை, 1898-ல் நியூயார்க்கில் ஓர் அம்மணி, லீவில் தெருவில் திரிந்த பிள்ளைகளுக்காக ஒரு பீர் ஹாலை வாடகைக்குப் பிடித்து நடத்தினாராம். இன்றைக்குத் தெருவில் திரிய ஒரு பிள்ளை கிடைக்குமா?

வந்ததும் பயல் கேட்டான்: "தாத்தா, இங்க எத்தனை மணிக்கு என்ன கிளாஸ்?"

"ஒண்ணுமில்லடே, சும்மா இரி."

"சும்மான்னா... எப்படி இருக்கணும் தாத்தா?"

அதைச் சொல்லிக்கொடுக்க நாலு நாள் போதுமா, நீங்களே சொல்லுங்கள்!