ஹைட்ரஜன் கலந்தால் எண்ணெய் மிஞ்சுமா?

பெங்களூர்ப் பக்கத்திலிருந்து பட்டும் சூரத்திலிருந்து ஜரிகையும் வராவிடில் காஞ்சியில் தறி ஓடாது. நெய்த புடவை சென்னைக்கும் பிற ஊர்களுக்கும் போய்ச் சேராவிடில் நெசவாளிக்குக் கூலி இல்லை. 2019-ஆம் வருஷம் அத்திவரதர் தரிசனத்தின்போது நாற்பத்தெட்டு நாட்களில் ஒரு கோடியளவுக்கு ஜனங்கள் இந்நகரில் திரண்டார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அவர்களில் மிகப் பெரும்பாலோர் பஸ்ஸிலும் வேனிலும் வந்தவர்களே. ஆகவே எண்ணெய் விலை ஏறினால் அதன் சுமை தறிக்குழி வரை இறங்குகிறது. நம் தேசம் கச்சா எண்ணெய்த் தேவையில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் அந்நிய நாடுகளிலிருந்து வாங்குகிறது. இந்நிலையில், எண்ணெய்ச் செலவைக் குறைக்க வழியுண்டு என்று எவர் சொன்னாலும் வண்டிக்காரர் காது கொடுப்பது இயல்பே.

வழி என்று இன்று விற்கப்படுவது ஒரு சிறு பாத்திரம். அதில் தண்ணீரும் கொஞ்சம் காஸ்டிக் பொட்டாஷும் விட்டு, வண்டியின் பாட்டரியிலிருந்து மின்சாரம் பாய்ச்சினால் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் பிராணவாயுவாகவும் பிரிகிறது. அந்த வாயுவை எஞ்சின் இழுக்கும் காற்றோடு சேர்த்துவிட்டால் எண்ணெயில் கால் பங்கு, சிலர் வாக்குப்படி அரைப் பங்கே, மிஞ்சும் என்கிறார்கள். இது முற்றிலும் பொய்யா, அல்லது ஓரளவு மெய்யா என்பதை ஆராய்வது நமது கடமை. பணம் கொடுப்பவர் பெரிய முதலாளி அல்லர். கடன் வாங்கி ஒரு வேன் வைத்திருப்பவர்.

தண்ணீர் பிரிவது மெய்தான். கேள்வி கணக்கைப் பற்றியது. பன்னிரண்டு வோல்ட் பாட்டரியிலிருந்து இருபது ஆம்பியர் எடுத்தால் அது 240 வாட். ஆறு அறைகளுள்ள நல்ல பாத்திரம் இதைக் கொண்டு மணிக்குச் சுமார் 50 லிட்டர் ஹைட்ரஜன் தரும். ஐம்பது லிட்டர் என்றவுடன் மலைக்க வேண்டாம். அதன் எடை நாலரை கிராம். எரித்தால் கிடைக்கும் சக்தி 540 கிலோஜூல். மணிக்கு நாலு லிட்டர் பெட்ரோல் குடிக்கும் காரில் எரியும் சக்தியோ சுமார் 1,28,000 கிலோஜூல். அதாவது, இந்த ஹைட்ரஜன் நூற்றில் அரைப் பங்கு கூட இல்லை. இதற்குக் கொடுக்கும் விலை என்ன? மின்சாரம் சும்மா வரவில்லை. டைனமோவை எஞ்சின் சுழற்றுகிறது. எஞ்சினை எண்ணெய் சுழற்றுகிறது. எண்ணெயின் சக்தியில் கால் பங்கே எஞ்சினில் வேலையாகிறது. அந்த வேலையில் ஐந்தில் மூன்று பங்கே டைனமோவில் மின்சாரமாகிறது. ஆகவே 240 வாட் பெற, மணிக்குச் சுமார் 5,760 கிலோஜூல் எண்ணெயை எரித்தாக வேண்டும். பத்து ரூபாயைச் செலவழித்து ஒரு ரூபாயைத் திரும்பப் பெறும் வியாபாரம் இது.

படித்த வியாபாரிகள் இதற்கு ஒரு மறுமொழி வைத்திருக்கிறார்கள். அதை அலட்சியம் செய்வது நியாயமாகாது. ஹைட்ரஜன் எரிபொருளாக வேலை செய்வதில்லை; அது எண்ணெய் முழுதும் விரைவில் எரியத் துணை செய்கிறது என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஹைட்ரஜனின் ஜ்வாலை பெட்ரோல் ஜ்வாலையைவிடப் பன்மடங்கு வேகமாகப் பரவும். அதனால் வழக்கத்தைவிட அதிகக் காற்றும் குறைந்த எண்ணெயும் சேர்ந்த மெலிந்த கலவையும் அணையாமல் எரியும். அமெரிக்காவின் நாஸா ஸ்தாபனம் 1977-இல் வெளியிட்ட பரீக்ஷை இதையே காட்டியது. ஹைட்ரஜன் சேர்த்தபோது ஜ்வாலையின் வேகம் ஏறியது; எஞ்சின் மெலிந்த கலவையில் ஓடிற்று; அந்த மெலிந்த நிலையில் நச்சுப் புகையும் குறைந்தது. ஆனால் அவர்கள் உபயோகித்த ஹைட்ரஜன் உருளையில் அடைத்து வந்தது, அல்லது மெத்தனாலிலிருந்து தனிக் கருவியால் பிரித்தது. பாட்டரியில் கட்டிய பாத்திரம் அங்கே இல்லை. மேலும் இக்காலத்துப் பெட்ரோல் கார்களில் பிராணவாயுவை அளக்கும் உணர்கருவி ஒன்று புகைக்குழாயில் இருக்கிறது. கலவை மெலிந்தால் அதுவே எண்ணெயைக் கூட்டிவிடும். இதையறிந்த சிலர் அந்த உணர்கருவியை ஏமாற்றவும் ஒரு கருவி விற்கிறார்கள். அப்படிக் கலவை மெலிந்து எண்ணெய் சற்றுக் குறைந்தால், அது உணர்கருவியை ஏமாற்றியதன் விளைவேயன்றிப் பாத்திரத்தின் மகிமையன்று. எஞ்சின் கெட்டால் பொறுப்பும் விற்றவருடையதன்று!

தமிழ்நாட்டுக்கு இத்தகைய ஆசைகள் புதியவையல்ல. இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது நமது பஸ்கள் முதுகில் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடின. அந்தக் கரிவாயுவிலும் கொஞ்சம் ஹைட்ரஜன் உண்டு; பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன். மேடு வந்தால் வண்டி திணறும். எனினும் அது நேர்மையான ஏற்பாடு. கரியைப் போட்டால் கரியின் சக்தி கிடைத்தது, அதற்கு மேல் எவரும் வாக்களிக்கவில்லை. 1996-இல் இராஜபாளையம் பக்கத்திலிருந்து கிளம்பிய மூலிகைப் பெட்ரோல் செய்தி டில்லி வரை ஆட்டிவைத்தது. எந்தப் பஸ்ஸும் இன்று அதில் ஓடவில்லை. அதே 1996-இல் அமெரிக்காவின் ஒஹையோ நீதிமன்றம், தண்ணீரில் கார் ஓட்டுவதாகச் சொல்லிப் பணம் திரட்டிய ஸ்டான்லி மேயர் செய்தது பெரும் மோசடி என்று தீர்ப்பளித்தது. ஏமாறுவது ஏழை நாட்டுக்கு மட்டும் உரிய குணம் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

இனி, சர்க்காரும் பெரிய ஸ்தாபனங்களும் செய்த காரியத்தைப் பார்ப்போம். 2020-ஆம் வருஷம் அக்டோபரில் டில்லி ராஜ்காட் டிப்போவில் இந்தியன் ஆயில் கம்பெனி ஒரு நிலையம் நிறுவியது. இயற்கை வாயுவில் ஒரு பகுதியை ஹைட்ரஜனாக மாற்றி, கன அளவில் நூற்றுக்குப் பதினெட்டு பங்கு ஹைட்ரஜன் கலந்த வாயுவை ஐம்பது பஸ்களில் ஓட்டிப் பார்க்க ஏற்பாடு. கார்பன் மானாக்ஸைடு எழுபது சதவீதம் வரை குறையும், எரிபொருளும் மூன்று நான்கு சதவீதம் மிஞ்சும் என்று கூறப்பட்டது. பாத்திரக்காரரின் அரைப் பங்கு எங்கே, இந்த மூன்று நான்கு எங்கே!

இந்தச் சிறு தொகையையும் நாம் உரைத்துப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள். கன அளவில் பதினெட்டு என்பது சக்தியில் ஆறு பங்குதான். ஆனால் ஹைட்ரஜன் எடைக்கு எடை மீதேனைவிட இருமடங்குக்கு மேல் சக்தியுள்ளது. ஒரு கிலோ மீதேனில் 50 மெகாஜூல் என்றால், இந்தக் கலவையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 51.9 மெகாஜூல். ஆக, கிலோவுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அளந்தால், எஞ்சின் அணுவளவும் திருந்தாமலே 3.8 சதவீத லாபம் தாளில் தோன்றும். கன அளவில் அளந்தாலோ ஒவ்வொரு உருளையிலும் சுமார் எட்டில் ஒரு பங்கு சக்தி குறைவு. பஸ் முன்னதாகவே டிப்போவுக்குத் திரும்ப நேரிடும். ஹைட்ரஜன் செய்வதற்கே செலவான இயற்கை வாயுவையும் சேர்த்தால் கணக்கு இன்னும் மெலியும். எண்ணெய் மிச்சம் என்று பேசுபவர் எந்த அளவுகோலைக் கையில் பிடித்திருக்கிறார் என்பதே முதல் கேள்வி. புகை குறைவது வேறு லாபம். டில்லியின் காற்றைச் சுவாசித்தவர் எவரும் அதை அற்பமென்று தள்ளமாட்டார். ஆனால் அதை எண்ணெய் மிச்சம் என்ற பெயரில் விற்கலாகாது.

காஞ்சி வாசிகளுக்கு இவ்விஷயம் எளிதில் விளங்கும். சிவப்புப் பட்டு இழையின்மேல் வெள்ளியும், அதன்மேல் தங்க முலாமும் ஏறியதே ஜரிகை. செம்புக் கம்பியும் கடையில் அதே போல் மின்னும். கண்ணால் பார்த்து எவரும் ஜரிகை வாங்குவதில்லை. உரைத்தும், இப்போது எக்ஸ்-ரே கருவியில் வைத்தும் பார்க்கிறார்கள். வண்டிக்கோ, டாங்கை நிரப்பி ஒரு முறை சென்னை போய் வந்து, மைலேஜ் கூடிவிட்டது என்று சாட்சி சொல்கிறார்கள். பாத்திரம் மாட்டிய அன்றே டயருக்குக் காற்றடித்து, ஃபில்டரும் மாற்றியிருப்பார்கள். மிச்சத்தை எதிர்பார்க்கும் டிரைவரின் கால் தானே நிதானமாக மிதிக்கும். டாங்கின் வாய் வரை நிரப்புவதிலேயே ஒரு லிட்டர் முன்பின்னாகும். இவ்வளவும் பாத்திரத்தின் பெயரில் வரவாகிறது.

நியாயமான பரீக்ஷைக்கு வழி உண்டு. ஒரே டிப்போவில், ஒரே தடத்தில், ஒரே வயதுள்ள பஸ்கள் பல வேண்டும். எல்லாவற்றிலும் பாத்திரத்தை மாட்டிவிட்டு, பாதியில் மட்டும் அதை வேலை செய்ய விட வேண்டும். எது எது என்று டிரைவருக்குத் தெரியக் கூடாது. சில வாரங்கள் கழித்து முறையை மாற்ற வேண்டும். எண்ணெயை எடை போட்டு அளக்க வேண்டும். இதற்கு நாம் அமெரிக்கா செல்ல வேண்டியதில்லை. காஞ்சி மாவட்டத்து ஒரகடத்திலேயே மத்திய சர்க்காரின் திட்டத்தில் ஏற்பட்ட மோட்டார் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வண்டியை ஓட்டிப் பார்க்கத் தடங்களும் எஞ்சினை அளக்கக் கூடங்களும் அங்கே உள்ளன.

2023-இல் மத்திய சர்க்கார் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2024-இல் தமிழ்நாட்டு அரசு போக்குவரத்துக் கழகங்கள் டீசல் பஸ்கள் சிலவற்றை இயற்கை வாயுவுக்கு மாற்றிப் பார்த்தன. ஹைட்ரஜன் கலப்புக்கும் இங்கே நாளை பிரஸ்தாபம் வரலாம். வரட்டும். அப்பொழுது ஒவ்வொரு பஸ்ஸும் ஓடிய தூரம், குடித்த வாயுவின் எடை, ஹைட்ரஜன் செய்யச் செலவான சக்தி ஆகிய மூன்று எண்களையும் மாதந்தோறும் டிப்போ வாசலில் தமிழில் எழுதி வைக்கும்படி நமது சட்டசபை அங்கத்தினர்கள் கேட்க வேண்டும். பாத்திரம் விற்பவர்களுக்கும் அதே நிபந்தனை. ஒரகடத்துச் சான்று இல்லாத எதையும் இம்மாவட்டத்து வேன் உரிமையாளர் சங்கங்கள் தம் அங்கத்தினர்களுக்குச் சிபாரிசு செய்யாதிருக்கட்டும். எஞ்சினில் மாற்றம் செய்ய அனுமதி வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. எளிதில் தீப்பிடிக்கும் வாயுவைச் சூடான எஞ்சினுக்கருகே உற்பத்தி செய்யும் ஒரு பாத்திரம், அந்த அனுமதி இல்லாமல், யாத்ரீகர் ஏறும் வண்டியில் இருக்கலாகாது.